பௌதி வீட்டு ஃபேன்

அருக்காணி ஆசைப்பட்டது ஒரே ஒரு தையல் மெஷினுக்கு. கலியாணத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் தைத்த கை அது. பரமசிவத்தைக் கட்டிக்கொண்டு கல்கத்தா வந்தபின், லேக் மார்க்கெட் பக்கம் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தே விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போயிற்று. மெஷின் மட்டும் வந்துவிட்டால் தேய்க்கிற வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு என்று அவள் புலம்பாத நாள் கிடையாது.

தொண்ணூற்றெட்டில் அதற்கு வழி பிறந்தது. டாலிகஞ்சில் அவள் குடியிருந்த சந்தில், இருக்கிறதிலேயே அதிகம் கஷ்டப்படுகிற வீட்டுக்கு ஒரு தொண்டு நிறுவனம் மெஷின் கொடுக்கப் போகிறதாம். பார்த்து முடிவு செய்ய இரண்டு பேர் வருவார்கள். சாய்ராம் பொருளாதாரம் படித்தவர். வீட்டுச் சாமானைப் பார்த்தே வறுமையை அளந்துவிடுவார். தீப்தி படித்தது மானுடவியல். ஜனங்களோடு உட்கார்ந்து, பழகி, பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்வாள். இருவரும் பவானிபூரில் வளர்ந்த தமிழர்கள்.

வீட்டை இருக்கிறபடி விட்டிருந்தால் மெஷின் நேராக அவளிடமே வந்திருக்கும். விடுவாளா மகராசி? "படிச்சவங்க வாராங்கொ, வெறுந்தரையிலயா உக்காரச் சொல்லோணும்?" என்று கிளம்பிவிட்டாள். அந்தச் சந்தில் ஒரு வழக்கம். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் மற்ற வீடுகள் சாமான் கொடுக்கும். எது யாருடையது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. எதிர்வீட்டு ஷெபாலியை அருக்காணி வங்காளத்தில் அண்ணி என்கிற மாதிரி 'பௌதி' என்பாள். அந்த பௌதி டேபிள் ஃபேன், இரண்டு நாற்காலி, பூப்போட்ட கண்ணாடி டம்ளர் எல்லாம் தூக்கிக் கொடுத்தாள். சினிமா ஸ்டுடியோவில் செட் போடுகிற பரமசிவம் சும்மா இருப்பானா? ஜன்னலுக்குத் திரை வேறு தொங்கவிட்டான்.

சாய்ராம் வந்தார், நாற்காலியில் சாய்ந்தார், ஃபேன் காற்று வாங்கினார், வசதியான வீடு என்று குறித்துக்கொண்டு எழுந்துவிட்டார். தீப்திக்கு மட்டும் சந்தேகம். எதிர்வீட்டுக்குப் போய், "பௌதி, அந்த ஃபேன் உங்களுதா?" என்று நேராகவே கேட்டாள். பௌதி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறைதான். "ஐயோ, அது அருக்காணியோடது!" என்றாள். மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்! சாமானெல்லாம் எதிர்ப்பக்கம் போய்விட்டதால் பௌதி வீடு துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. மெஷின் பௌதிக்கே போயிற்று.

அருக்காணி அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். யார் மேல் கோபப்பட முடியும்? "திரை ஒண்ணுதான் கொறச்சலாக்கும்!" என்று பரமசிவத்தைத்தான் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே பௌதி மெஷினை இழுத்துவந்து அவள் வாசலில் நிறுத்தினாள். "எனக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. நீயே வச்சுக்கோடி." அப்புறமென்ன? துர்க்கா பூஜைக்குச் சந்து முழுக்க அருக்காணி தைத்த ரவிக்கைதான். பாத்திரம் தேய்த்த வீடுகளை ஒவ்வொன்றாக விட்டாள். கை ஆறியது.

பூஜை முடிந்ததும் அந்த இருவரும் மறுபடி வந்தார்கள். பௌதி வீட்டில் மெஷினைக் காணோம். "வித்துட்டீங்களா? அப்ப உங்க பேரை எடுத்துடுவோம். இனிமே எந்த உதவியும் கிடைக்காது" என்றார் சாய்ராம். பௌதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாதே!

எதிர்வீட்டில் தையல் சத்தம் நின்றது. அருக்காணி வெளியே வந்தாள்.

"மெஷின் என்ற வீட்லதானுங்க இருக்குது. ஆனா என்னுதில்லீங்க." சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. "அன்னிக்கு நீங்க காத்து வாங்குன ஃபேனும் என்னுதில்லீங்க, உக்காந்த நாக்காலியும் என்னுதில்லீங்க. எல்லாம் பௌதியோடது. அவங்க எதையும் விக்கலீங்க."

சொல்லிவிட்டாள். மெஷின் போயே போயிற்று என்றுதான் நினைத்தாள்.

"சாமானைப் பார்த்து எழுதினா இப்படித்தான்" என்றாள் தீப்தி. "நீ கேட்டப்ப மட்டும் நிஜத்தைச் சொன்னாங்களாக்கும்?" என்றார் சாய்ராம். அவர்கள் வழக்காடிக்கொண்டிருக்க, பௌதி வீட்டுக்குள் போய் நாற்காலி இரண்டையும் தூக்கிவந்து அருக்காணி வீட்டில் போட்டாள். விருந்தாளி விருந்தாளிதானே!

சாய்ராம் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு வெறுந்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அங்கேயே பௌதி பேரை அடித்து, மெஷினுக்கு நேரே அருக்காணி என்று எழுதினார்.

"ஐயோ, தரையிலயாங்க!" என்று அருக்காணி பதறினாள். பௌதி அதற்குள் ஃபேனைக் கொண்டுவந்துவிட்டாள்.