என் மாமியார் திருடிய வேதம்

என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு தகுதிக்காகத்தான் அவரைத் தேடி வந்தார்கள். பழைய வேதத்தின், அதாவது பைபிளின், தமிழ் கிராமத்துக்குப் புரியவில்லை, எளிய தமிழில் புதிதாக மொழிபெயர்க்கிறோம் என்று ஒரு குழு சிங்கவரத்தில் எங்கள் சபைக்கு வந்தது. எழுதியதில் ஒரு பத்தி வாசிக்க வேண்டும். மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் அதைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லையென்றால் பத்தியைத் திருத்துவார்கள். வாசிப்பது என் வேலை. டிகிரி முடித்த மருமகள் அல்லவா!

திருப்பிச் சொல்வதில் என் மாமியாரை மிஞ்ச ஆளில்லை. ஓடிப்போன மகன் திரும்பி வர, அப்பா எதிரே ஓடும் கதையை வாசித்ததும், "வயசான மனுசன், வேட்டியத் தூக்கிக் கட்டிக்கினு தெருவுல ஓடுறாரு பாரு. ஊரு சிரிக்குமேன்னுகூடப் பாக்கல" என்றார். குறிப்பெடுத்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்று கேட்டார். அப்படி அவர் சொன்ன எத்தனையோ வரிகள் புத்தகத்தில் அப்படியே வந்தன.

புத்தகம் வந்த சமயம் சர்க்கரை நோயில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. தினமும் உலை வைத்துவிட்டு ஒரு அதிகாரம் வாசித்து செல்போனில் பதிவு செய்தேன். நடுவில் குக்கர் விசில் அடிக்கும். மெமரி கார்டில் ஏற்றி ஒரு சின்ன ரேடியோவில் போட்டுக் கொடுத்தேன். நாள் பூராவும் அதுதான். "இத நாந்தானே சொன்னேன்!" என்று பக்கத்து வீட்டில் பீற்றல் வேறு. சபைப் பெண்களின் வாட்ஸ்அப்பில் போட்டேன். அங்கிருந்து அவலூர்பேட்டை, தொண்டூர் வரை போய், யாரோ யூடியூபிலும் ஏற்றிவிட்டார்கள்.

பாஸ்டருக்குக் கடிதம் வந்தது. பதிப்புரிமை தங்களுடையது, அனுமதியில்லாமல் ஒலிப்பதிவு செய்து பரப்புவது குற்றம், எல்லாவற்றையும் அழிக்கவும் என்று வெளியீட்டு ஆபீஸ் எழுதியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. போன் போட்டேன்.

"சுவிசேஷம் எல்லாருக்கும் இலவசம்னுதானே பிரசங்கம் பண்றீங்க?"

"சுவிசேஷம் இலவசம்தான் சிஸ்டர். மொழிபெயர்ப்புக்கு உரிமை இருக்குது. நாளைக்கு ஒருத்தர் வசனத்த மாத்திப் படிச்சா யார் பொறுப்பு?" என்றார் அங்கிருந்தவர், பொறுமையாக.

"அதுல எவ்வளவோ எங்க அத்த சொன்னது."

"அவங்க உரிமைய எழுதிக் குடுத்துட்டாங்களே. கைநாட்டு எங்க ஃபைல்ல இருக்குது."

இருந்தது உண்மைதான். குழு கிளம்பிய அன்று பிரியாணிப் பொட்டலத்தோடு ஒரு படிவம் கொடுத்தார்கள். மாமியாரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்தவள் நான். பிரியாணி ஆறிவிடும் என்ற அவசரம். டிகிரி முடித்த மருமகள் ஒரு வரி படித்துப் பார்க்கவில்லை. அனுமதி கேட்டு எழுதுங்கள், கமிட்டி முடிவு செய்யும் என்றார் போனில் இருந்தவர். அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

பாஸ்டர் பயந்தாங்கொள்ளி. கோர்ட், கேஸ் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. கிடைத்த நன்மையையும் விட்ட பாவத்தையும் எழுந்து நின்று சொல்வோம். இதையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் மனுஷன். உரிமையில்லாததை எடுத்தால் களவு, வேதமானாலும் களவு என்றார். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போனைத் தூக்கிக் காட்டி, "அழிச்சிட்டேன், ஸ்தோத்திரம்" என்றார்கள். கடைசியில் என் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து மெமரி கார்டை நீட்டினார்.

"நான் திருடிட்டேன் சாமி. தெனமும் கேட்டேன். மன்னிச்சிக்குங்க."

நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் அவர் காலில் ஒரு புண் வந்து ஆறவேயில்லை. சர்க்கரை என்றார் டாக்டர். "திருடுனதுக்குத் தண்டன" என்றார் இவர். உங்கள் வார்த்தைதானே அத்தே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "பெரியவங்க சும்மாவா சொல்லுவாங்க, நீ கம்னு இரு" என்று வாயை அடைத்துவிடுவார். ரேடியோ வெறுமனே அலமாரியில் கிடந்தது.

அனுமதி வந்தது, அவர் படுத்த படுக்கையான பிறகு. தாராளமாகப் பகிரலாம், காசு வேண்டாம், வார்த்தையை மாற்றக் கூடாது, தொடக்கத்தில் உரிமையாளர் பெயரைச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம்! ஓடோடிப் போய் ஒரு அதிகாரத்தைப் புதிதாக வாசித்து, போனை அவர் காதோரம் வைத்தேன். முதலில் ஆபீஸ் பெயர் வந்தது. கையால் தட்டிவிட்டார்.

"நிறுத்துடி. அது அவங்களுது. எனுக்கு வாணாம்."

பிறகு நான் வைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, தண்ணீர்கூட இறங்காத நேரத்தில், என் கையைப் பிடித்தார்.

"நான் தெரியாம கேட்டுட்டேன்னு அவங்ககிட்டச் சொன்னியா?"

"சொன்னேன் அத்தே."

"மன்னிச்சிட்டாங்களா?"

நீங்கள் திருடவேயில்லை என்று இன்னொரு முறை சொல்லலாம். அதை நம்ப அவருக்கு நேரமில்லை. மன்னித்துவிட்டார்கள் என்று சொன்னால் நானும் அவரைத் திருடி என்று ஒப்புக்கொண்டதாகும்.

"மன்னிச்சிட்டாங்க அத்தே" என்றேன்.