ஜீன் இருந்தது, வேலை செய்யவில்லை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நான்கு வயதுப் பையன். பேச்சு இல்லை. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் தன் கையைக் கடித்துக்கொள்வான். ஆட்டிசம் என்றார் குழந்தை மருத்துவர்.

2. குரோமோசோம் பார்க்கும் கேரியோடைப் சோதனைக்காக எங்கள் ஆய்வகத்துக்கு ரத்தம் வந்தது. 'நார்மல்' என்று ரிப்போர்ட் போனது. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை.

3. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர், மரபுக் காரணம் இல்லை, தாய் வேலைக்குப் போவதால் அரவணைப்புக் குறைவு என்று முடிவு சொன்னார்.

4. தாயின் பெயர் மகேஸ்வரி. சிங்காநல்லூரில் ஒரு மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர். வேலையை விட்டார்.

5. ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தும் பையன் பேசவில்லை.

ஆறாவதை மகேஸ்வரியின் மாமியாரே என்னிடம் வந்து சொன்னார். பழைய ரிப்போர்ட்டின் நகல் வேண்டும் என்று கேட்டு ஆய்வகத்துக்கு வந்திருந்தார்.

"எதுக்குங்க?"

"ரத்தத்துல குத்தமில்லைன்னு நீங்கதானுங்க அம்மணி எழுதிக் குடுத்தீங்க? அதைப் பெரியவங்க முன்னால காட்டோணும். குத்தம் அவ வளப்புல. கிணத்துக்கடவுல அவங்கப்பன் ஊட்டுலயே உட்டுப்போட்டு, என் பையனுக்கு வேற பொண்ணு பாக்கலாம்னு இருக்கறமுங்க."

எங்கள் ரிப்போர்ட் ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பச் சாட்சியாகப் போகப்போகிறது. நகலைப் பிறகு தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்த ரத்தத்தை எந்த மீடியத்தில், அதாவது செல்களை வளர்க்கும் எந்த ஊட்டக் கரைசலில், கல்ச்சர் செய்தார்கள் என்று பார்த்தேன். ஃபோலிக் ஆசிட் தாராளமாக உள்ள வழக்கமான மீடியம்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக இதை விளக்குகிறேன். ஃபிராஜைல் எக்ஸ் என்று ஒரு கோளாறு உண்டு. ஆட்டிசம் என்று சொல்லப்படும் பையன்களில் சிலருக்கு இதுதான் காரணம். எக்ஸ் குரோமோசோமில் உள்ள அதற்குரிய ஜீன் அவர்களிடம் காணாமல் போயிருக்காது. அதன் தொடக்கத்தில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வந்து நீண்டிருக்கும். நீளம் அளவு மீறினால் செல் அந்த இடத்தில் மெத்தில் என்னும் வேதிக் குழுக்களை ஒட்டி ஜீனை மூடிவிடும். ஜீன் இருந்தும் புரதம் வராது. மைக்ராஸ்கோப்பில் இதன் அடையாளம், எக்ஸ் குரோமோசோமின் நுனியருகே தெரியும் ஓர் இடைவெளி. ஃபோலிக் ஆசிட் குறைந்த மீடியத்தில் வளர்த்தால்தான் அது தெரியும். வழக்கமான மீடியத்தில் மறைந்துவிடும்.

ஆய்வகத் தலைவரிடம் போனேன்.

"ஏம்மா, டாக்டர் கேட்டது கேரியோடைப். குடுத்தாச்சு. கேக்காததை நாம எதுக்குத் தேடோணும்?"

"அப்படின்னா 'நார்மல்'னு எழுதாம, 'இதைப் பாக்கலை'ன்னு எழுதியிருக்கோணுமுங்க சார்."

"சேந்து ரெண்டு மாசந்தானே ஆச்சு?" என்றார். சிரித்தார். ஆனால் தடுக்கவில்லை.

மறுபடி ரத்தம் எடுத்து, ஃபோலிக் ஆசிட் குறைந்த மீடியத்தில் போட்டேன். இடைவெளி தெரிந்தது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு வெளியூர் அனுப்பினோம். ஜீன் மூடிக் கிடக்கிறது என்றே பதில் வந்தது.

மருத்துவருக்கு போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பையனுக்கு எக்ஸ் அம்மாகிட்ட இருந்துதானே வருது? அப்ப நான் சொன்னது சரிதான். அம்மாதான் காரணம்."

நான் போனை மெதுவாகத்தான் வைத்தேன். அதற்கே பெரும்பாடாக இருந்தது.

மகேஸ்வரி, அவர் கணவர் பழனிச்சாமி, மாமியார் மூவரையும் பையனோடு வரவழைத்தேன். கோளாறு தாயின் எக்ஸ் வழியாக வருவது என்றதும், மாமியாரும் முதலில் மருத்துவர் சொன்ன இடத்துக்கே வந்தார். "பாத்தியா பழனிச்சாமி, எல்லாம் இவகிட்ட இருந்துதான்."

"மகேஸ்வரியோட அப்பா உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டேன்.

"கூடப்பொறந்த அண்ணனுங்க. என் அண்ணன் மகளைத்தான் என் பையனுக்குக் கட்டுனோம். நம்ம பக்கம் உள்ளதுதானுங்களே."

"மகேஸ்வரிக்கு ரெண்டு எக்ஸ். ஒண்ணு அம்மா குடுத்தது. இன்னொண்ணு அப்பா, அதாவது உங்க அண்ணன் குடுத்தது. உங்க அண்ணனுக்கு அதைக் குடுத்தது உங்கம்மா. கொஞ்சமா நீண்டிருந்தா ஆம்பளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மக வழியாப் பேரனுக்குப் போறப்பத்தான் அளவு மீறும். எந்தப் பக்கம்னு எனக்கு இன்னும் தெரியாது. உங்க சொந்தத்துல வேற யாருக்காவது இப்படி இருக்குதுங்களா?"

"ஆருமில்லீங்க" என்றார் மாமியார்.

"ஏனுங்கம்மா," என்றார் பழனிச்சாமி, "பெரியம்மா பையன் முருகேசன்? அவனுந்தானே கையைக் கடிச்சுக்குவான்?"

"நீ வாயை மூடு."

"மூடறதுக்கென்னங்க? அவனும் நாப்பது வயசாகியும் பேசலையே."

பெரியம்மா என்றால் மாமியாரின் அக்கா. அப்படியென்றால் இது பெரும்பாலும் மாமியாரின் தாய்வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப எங்கம்மாவைக் குத்தம் சொல்றீங்களாக்கும்" என்றார்.

"ஆரையும் சொல்லலீங்க. வளப்புலயும் குத்தமில்லை, வேலைக்குப் போனதுலயும் குத்தமில்லை. அதை மட்டுந்தான் சொல்றனுங்க."

பழனிச்சாமி மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் இருப்பவர். யோசித்துவிட்டுக் கேட்டார்: "காயில் எரிஞ்சுபோகலை, சுவிட்சு ஆஃப்ல இருக்குது. அப்படித்தானுங்களே மேடம்?"

"ஏறக்குறைய அப்படித்தானுங்க."

"அப்ப ஆன் பண்ணிப்போடுங்க."

முடியாது என்று சொன்னேன். உலகத்தில் யாருக்கும் இன்னும் தெரியாது என்றும் சொன்னேன். அவர் பையனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மகேஸ்வரி அன்று பேசியது ஒன்றே ஒன்றுதான். "நான் மில்லுக்குப் போயிருந்தாலும் போகாட்டியும் இவன் இப்படித்தான் இருந்திருப்பானுங்களா?"

"ஆமாங்க."

"அதை எழுதிக் குடுங்க. அத்தை எல்லாருக்கும் காட்டட்டும்."

எழுதிக் கொடுத்தேன். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

இதில் நான் கற்றது: 'நார்மல்' என்பது ஒரு முழுப் பதில் அல்ல. எதைப் பார்த்தோம் என்பதோடு எதைப் பார்க்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்ட இடத்தில் யாராவது ஒரு பெண்ணின் பெயரை எழுதிக்கொள்கிறார்கள்.

இன்றைய நிலை. பேசாத பையன்களின் ரத்தத்தை இப்போது இரண்டு மீடியத்திலும் போடுகிறோம். மருத்துவர் தன் முடிவை மாற்றவில்லை. மகேஸ்வரி கணவர் வீட்டில்தான் இருக்கிறார். மில்லில் அவருடைய பழைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் இன்னொரு மில்லில் வேலை கேட்டிருக்கிறார். பையன் பயிற்சிக்குப் போகிறான். இன்னும் பேசவில்லை.