தலைமுடிக்காகக் குடித்த வேர்

முதலில் மூத்திரத்தின் நிறம்தான் மாறியது. சூடு என்று நினைத்து மோர் குடித்தேன். பிறகு சோற்று வாசனையே குமட்டியது. தாராவியில் நாங்கள் மேல்வீடும் கீழ்வீடுமாக இருக்கிறோம். கீழே இருக்கும் என் ஓரகத்தி ராணி அக்காதான் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"ஏ, மஞ்சளால்லா கெடக்கு!"

கீழாநெல்லி அரைத்துத் தந்தாள். அதையும் குடித்தேன், அவளுக்குத் தெரியாமல் இன்னொன்றையும் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைவிட மூத்தவள். தலையில் ஒரு நரை கிடையாது. செம்பூரில் ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்கதான் மூத்த மருமகளா?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கமுக்கமாகச் சிரித்தாள்.

அவள் குடிப்பது ஹெ ஷோ வூ (நரையைக் கறுப்பாக்கும் என்று சீன மருத்துவத்தில் சொல்லப்படும் வேர்). டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளிடம் போய்க் கேட்பதா? நானா? மொபைலில் அதே பொடியை வரவழைத்தேன். அவள் ஒரு ஸ்பூன் என்றால் நான் இரண்டு. வேர்தானே, என்ன செய்துவிடப்போகிறது!

ஆஸ்பத்திரியில் பிலிருபின் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமி) ஏறிக்கொண்டே போனது. வைரஸ் எதுவும் இல்லை. டாக்டர் இந்தியில், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அக்கா என் தலைமாட்டில் நின்றாள்.

"குச் நஹி" என்றேன், ஒன்றுமில்லை என்று.

உயிரே போனாலும் அவள் காதில் அது விழக் கூடாது. அப்படித்தான் இருந்தேன்.

மறுநாள் டாக்டர் என் கணவரிடம், ஈரல் இப்படியே போனால் மாற்று ஈரல் வைக்க வேண்டிவரும் என்றார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன், அக்காவை வைத்துக்கொண்டே.

"அடி பாவி! எங்கிட்டக் கேட்டிருந்தா நானே தந்திருப்பேம்லா" என்று அழுதாள்.

அவள் அழுதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இதைப் படிக்கிறவர்களே, வேரோ பொடியோ கஷாயமோ, டாக்டர் கேட்டால் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் சரி.

பொடியை நிறுத்தியதும் மஞ்சள் மெதுவாக இறங்கியது. அக்காவின் ரத்தத்தையும் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை! சிலருடைய ஈரல் தாங்கும், சிலருடையது தாங்காது, குடிப்பதற்கு முன் யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவளையும் நிறுத்தச் சொன்னார்.

இப்போது எனக்குக் கிழமையெல்லாம் நினைவில் நிற்பதில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை, அடுத்த ரத்தப் பரிசோதனை, இடையில் இருப்பதுதான் நாட்கள். மத்தியானமானால் உடம்பு என்னைக் கேட்காமல் படுத்துவிடுகிறது. உள்ளே ஈரல் என்று ஒன்று இருப்பதே முன்பு எனக்குத் தெரியாது.

அக்காவின் வகிட்டில் நரை எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று எவ்வளவு காலம் காத்திருந்தேன்! நேற்று அவள் என் எதிரில் உட்கார்ந்து மீன்குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். எனக்கு அரை இட்லிக்குமேல் இறங்கவில்லை. அவள் தலைமுடி என் கண்ணிலேயே படவில்லை. அவளுடைய ஈரலை நினைத்துத்தான் பொறாமையாக இருந்தது.