அத்தான் தொடையிலிருந்த உலோகம்

என் அக்காவின் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டுச்சேரியில் வீடு, கொல்லைக்குப் பின்னால் கொஞ்சம் நிலம். நான் அவரை அத்தான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். ராணுவ வாழ்க்கையைப் பற்றி நான் வாங்கிப் படித்த நாவல்கள் என் வீட்டில் இரண்டு அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவர் அந்த வாழ்க்கையை வாழ்ந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவர். எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்டால் "மலையில" என்பார். எந்த மலை என்றால் "ஒசரமான மலை" என்பார். அதற்கு மேல் அரசாங்க ரகசியம்.

அவருடைய ராணுவ எண்ணும் அப்படித்தான். கட்டிய மனைவிக்கே அதைச் சொன்னதில்லை. ஆனால் எண், பதவி, பெயர் மூன்றையும் வெள்ளைப் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி முன்கூடத்தில்தான் கிடந்தது. பால்காரர் அதன்மேல் கேனை வைப்பார். கேபிள்காரர் அதன்மேல் உட்கார்ந்து ரசீது போடுவார். தேசத்தின் பாதுகாப்பு அந்த அளவில் இருந்தது.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் அத்தான் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கினார். குடிக்கவில்லை, தூங்கவுமில்லை. "பிரேக்க மிதிச்சனா இல்லையான்னே தெரியல மாப்ள" என்றார். வலது பாதம் மரத்துப் போயிருந்தது. முதுகுவலி மாதக் கணக்காக இருந்திருக்கிறது, அதையும் யாரிடமும் சொல்லவில்லை. காரைக்கால் டாக்டர் அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தை மேலே மடக்கச் சொன்னார். பாதம் பாதிதான் மடங்கியது.

"இடுப்புல நரம்பு நசுங்குது. எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க, பாத்துட்டு ஆபரேஷனான்னு சொல்றேன். தள்ளிப் போடாதீங்க. பாதத்துல நரம்பு ஓட்டம் செத்துப் போச்சுன்னா திரும்பக் கொண்டார்றது கஷ்டம்" என்றார்.

அன்றைக்கே ஸ்கேன் சென்டருக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், ஆயிரம் பேரிடம் கேட்ட குரலில் கேட்டார்: "உடம்புல கம்பி, பிளேட்டு, ஆணி எதுனா இருக்குங்களா?"

"இருக்கு. வலது தொடையில" என்றார் அத்தான்.

அந்தப் பெண் நிமிர்ந்தார். "என்ன மெட்டலுங்க?"

"ஆர்மி மெட்டல்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் படித்தவன் முகத்தை வைத்துக்கொண்டேன், அது உதவவில்லை. ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பு நெடுக ஒரு பட்டை, அதில் வரிசையாகத் திருகாணிகள். தச்சுவேலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இயந்திரம் பெரிய காந்தமாம். பட்டை என்ன உலோகம், எப்போது வைத்தது என்று ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் தாள் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அத்தானின் தொடை போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு யார் பிய்த்தெடுப்பது?

ஆட்டோவில் திரும்பும்போது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். அத்தான் ஆட்டோக்காரரின் முதுகைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போயி பேசுவம்" என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சொன்னது இவ்வளவுதான்: மலைப்பாதையில் லாரி கவிழ்ந்தது. இவர் அடியில் இருந்தார். லாரியில் இருந்தது உருளைக்கிழங்கு.

"உருளைக்கெழங்குல என்ன அத்தான் ரகசியம்?"

"எத்தன மூட்டன்னு சொன்னா, எத்தன பேருக்குச் சமையல்னு கணக்குப் போட்டுருவான் எதிராளி."

அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புரட்டினார். உடல் தகுதியை ஒரு எழுத்திலும் எண்ணிலும் சுருக்கி எழுதியிருந்ததே தவிர உலோகத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையாம். மீதியெல்லாம் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கும் என்றார். அவருடைய பிரிவில் சேர்ந்த அத்தனை பேரின் பிறப்பு, படிப்பு, நோய், தண்டனை எல்லாவற்றையும் வைத்துக் காக்கிற அலுவலகம். வடக்கே எங்கோ இருக்கிறது.

மறுநாள் காலை நானே கூப்பிட்டேன். இந்தியைத் தபாலில் படித்துத் தேறியவன் நான். மனதுக்குள் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத் தொடங்கினேன். மறுமுனையில் இருந்தவர் முதல் வாக்கியம் முடிவதற்குள், "பரவால்ல, தமிழ்லயே பேசுங்க சார்" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மச்சினன்."

"மச்சினனுக்கெல்லாம் குடுக்க மாட்டோம் சார். சம்சாரம் கேட்டாலே குடுக்க மாட்டோம். ஒடம்பு அவருது."

"கால் போயிடும்னு டாக்டர் சொல்றாருங்க."

"புரியுது சார். ஆனா அப்படி ஒருத்தர் எங்க ரெக்கார்டுல இருக்காரா இல்லையான்னுகூட நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது."

இருக்கிறாரா இல்லையா என்பது உறுதிப்படாத அந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை ஆட்டி, "சரியா சொல்றான்" என்றார்.

ஓய்வு பெற்றவர்களுக்கான ராணுவ இணையதளத்தில் அத்தானுக்கு உள்ள கணக்கிலிருந்துதான் விண்ணப்பம் வர வேண்டும், வந்தால் தாங்களே அவரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்போம் என்றார் அந்த ஊழியர். சரி என்று என் மடிக்கணினியைத் திறந்தேன். எண்ணை அத்தானே தட்டினார், நான் பார்க்காதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு. நான் மரியாதைக்கு டிரங்குப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டேன், அதில் அதே எண்ணைப் படித்தேன். பதிவு செய்த கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது. அத்தானின் போன் சும்மா கிடந்தது. திரையில் காட்டிய கடைசி எண்கள் வீட்டில் யாருடையதும் இல்லை.

அக்காவுக்குத்தான் நினைவு வந்தது. கணக்கு தொடங்க அத்தான் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தார். கடைக்காரர் போன் நம்பர் கேட்டார். அத்தான் மறுத்துவிட்டார்.

"நம்பரயெல்லாம் கண்டவன்கிட்ட குடுக்கக் கூடாதுன்னு கடையில ஒரே சத்தம் தம்பி. அந்தப் புள்ள பயந்துபோயி தன் நம்பரயே போட்டு முடிச்சி அனுப்பிச்சிச்சு" என்றாள் அக்கா.

அந்தக் கடை இப்போது சிக்கன் கடை. கடைக்காரர் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் பெண் எடுத்துப் பிரான்சுக்குப் போய்விட்டார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. ஒரு ஆளைக் கொஞ்ச நாளாகக் காணோம் என்றால் செத்துவிட்டாரா என்று கேட்பதற்கு முன் பாரிஸுக்குப் போய்விட்டாரா என்று கேட்பதுதான் வழக்கம். விழிதியூரில் அவர் அம்மாவைக் கண்டுபிடித்து, நான் யார் வீட்டுப் பிள்ளை, என் மனைவிக்கு எந்த ஊர் என்பதையெல்லாம் ஒப்புவித்து, நம்பரை வாங்கி வந்தேன்.

"அண்ணே, அந்த சிம்மு இன்னும் கையிலதாண்ணே இருக்கு. தூக்கிப் போட முடியுமா? நம்ம கொம்யூன் பஞ்சாயத்துல பாதிப் பேரோட ஓ.டி.பி. எனக்குத்தான் வருது. அங்க யாரு வீட்டுக்குச் சிலிண்டர் வந்தாலும் மொதல்ல பாரிஸ்ல எனக்குத்தான் தெரியும்" என்றார் அவர்.

எனக்கு உயிர் வந்தது. இப்போதே ஒன்று அனுப்பச் சொல்கிறேன், படித்துச் சொல்லுங்கள் என்றேன்.

"கோச்சுக்காதீங்கண்ணே. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுல்ல? மிலிட்டரிக்காரரப் பேசச் சொல்லுங்க."

அத்தான் போனை வாங்கினார். அவர் முகத்தில் அவ்வளவு நிறைவை நான் பார்த்து நாளாயிற்று.

"என் கடையில வந்து எதுக்குச் சண்ட போட்டீங்கன்னு சொல்லுங்க பாப்பம்" என்றது போன்.

"நீ போன் நம்பர் கேட்ட."

"நீங்கதான்."

ஆள் சரியாகிவிட்டது, வேலை ஆகவில்லை. பாரிஸுக்கு வெளியே ஒரு கிடங்கில் அவருக்கு வேலை. வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிட வேண்டும். அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் எங்கள் இணையம் இருக்காது. இணையம் இருந்தால் அந்தத் தளம் பராமரிப்பில் இருக்கும். எல்லாம் கூடி வந்த அன்று அவர் சொன்ன எண்ணை அத்தான் கையால் மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. பல முறை தவறியதால் கணக்கைப் பூட்டினார்கள். பூட்டைத் திறக்க இன்னொரு விண்ணப்பம்.

இதற்கிடையில் அத்தானின் பாதம் முன்பு மடங்கிய அளவும் மடங்காமல் போனது. ஒருநாள் கட்டெறும்பு கடித்து ரத்தம் வந்திருந்ததை அக்காதான் பார்த்துச் சொன்னாள். எனக்கோ அலுப்பு எலும்பு வரை இறங்கியிருந்தது. காலையில் கண் விழித்தாலே மடிக்கணினி நினைவு வந்து மறுபடி கண்ணை மூடிக்கொள்வேன். இதெல்லாம் யாரிடமிருந்து எதைக் காப்பாற்ற? இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியாத ஒரு ஹவில்தாரின் தொடை எலும்பை எந்த எதிரி நாடு தேடுகிறது?

ஒரு வழியாகக் கணக்குக்குள் நுழைந்தோம். பதிவு செய்த போன் நம்பரை மாற்றினோம், விண்ணப்பம் போனது. சில நாளில் ரெக்கார்டு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. அத்தான் எழுந்து நின்றார்.

"உக்காந்து பேசுங்களேன். அவங்களுக்குத் தெரியவா போவுது?" என்றாள் அக்கா.

அவர் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எங்களை வெளியே போகச் சொல்லி சைகை காட்டினார். போய்க் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே அவர் பேசியது பரேடு மைதானத்துக் குரல். சேர்ந்த தேதி, அம்மா பெயர், உடம்பில் எந்த இடத்தில் மச்சம் என்பது வரை எங்களுக்கும் கேட்டது, எதிர்வீட்டுக்கும் கேட்டது. எதிர்வீட்டம்மாள் வாசலுக்கு வந்து, "மச்சம் இருக்கா என்ன?" என்று அக்காவிடம் கண்ணாலேயே கேட்டார். அக்கா வானத்தைப் பார்த்தாள்.

பதில் வந்தது. ஆபரேஷன் விவரங்கள் அடங்கிய ஆஸ்பத்திரிக் கோப்பு இல்லை. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து, அதிகாரிகள் குழு முன்னிலையில், விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது. மருத்துவக் குழு எழுதிய சுருக்கம் மட்டும் ஒரு பக்கம் இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் தேதி இருந்தது, வலது தொடை எலும்பு இருந்தது, பட்டையும் திருகாணிகளும் வைத்ததாக இருந்தது. என்ன உலோகம் என்று இல்லை.

நான் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"எரிச்சிட்டாங்க" என்றேன்.

"கண்டவன் கைக்குப் போவாம எரிச்சிருக்காங்க" என்று திருத்தினார்.

அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஸ்கேன் டாக்டர் வயதானவர். எக்ஸ்ரேயையும் தேதியையும் பார்த்தார். "எலும்பு கூடிப் பல வருஷம் ஆச்சு. அந்தக் காலத்துல இந்த இடத்துக்கு வச்ச எஃகை வழக்கமா காந்தம் இழுக்காது. நான் பக்கத்துலயே இருக்கேன். தொடையில சூடு தெரிஞ்சா கையில குடுக்குற இந்த ரப்பர் பல்பை அமுக்குங்க, மணி அடிக்கும்" என்றார். அவர் கையெழுத்துப் போட்டார், அத்தானும் போட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு ஆடாமல் யாரும் படுத்ததில்லை என்று உள்ளே இருந்தவர் வந்து சொன்னார். அத்தான் அதை ஒரு பதக்கம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. முதுகுவலி போயிற்று. பாதம் எழும்பவில்லை. கட்டு பிரித்த அன்று அறுவை டாக்டர், "கொஞ்சம் முன்னால வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

காரில் திரும்பும்போது என்னால் அடக்க முடியவில்லை. "அந்த ஒரு பக்கத்த நான் கேட்ட அன்னைக்கே குடுத்திருந்தா என்ன அத்தான் கொறஞ்சி போயிருக்கும்?"

அத்தான் தன் பக்கத்துக் கார்க் கண்ணாடியை ஏற்றினார்.

"நீ கேட்டன்னு குடுத்தா, நாளைக்கு எவன் கேட்டாலும் குடுப்பான் மாப்ள. என்கூட மலையில இருந்தவனுங்க தாளும் அங்கதான் இருக்கு. எவன் பயந்து ராத்திரியில கத்துவான், எவனுக்கு என்ன சீக்கு வந்துச்சு, எவன் தன்னத்தானே சுட்டுக்கப் பாத்தான், எல்லாம் டாக்டரு எழுதி வச்சிருக்காரு. அவனுங்க இப்ப ஊர்ல பொண்ணு கட்டிக் குடுத்துட்டு, பேரன் எடுத்துட்டு, கோயில்ல மாலை வாங்கிட்டு இருக்கானுங்க. ஒரு மச்சினன் போன் பண்ணிக் கேட்டா அதுவும் வெளிய வந்துரும்ல?"

"உங்க காலு அத்தான்..."

"என் காலுதான். அதான் சொல்றேன்."

முன் சீட்டில் இருந்த அக்கா திரும்பாமல் மூக்கை உறிஞ்சினாள்.

இப்போது அவர் சாயங்காலங்களில் நடக்கிறார். வலது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். நான் போகிற நாட்களில் கூடப் போவேன். போன வாரம் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் ஆற்றில் தண்ணீர் வந்த விஷயத்தைப் பேசிக்கொண்டே போனார். நான் ஒரு அடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவருடைய வலது கால் செருப்பு கழன்று ரோட்டில் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. ஜல்லி பெயர்ந்த ரோட்டில் வெறுங்காலோடு, அது வெறுங்கால் என்று தெரியாமல், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா சேராதா என்று கேட்டுக்கொண்டே போனார்.

கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேரும் அத்தான், சேரும் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன்.

டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் அதைக் காலருகில் வைத்தேன். பார்த்தார். அப்புறம் குனிந்து, பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு குழந்தைக்குப் போடுவது போலச் செருப்புக்குள் நுழைத்தார். உள்ளங்காலில் ரத்தம் இருந்தது.

"ஒங்கக்காகிட்ட சொல்லாத" என்றார்.

"இல்ல அத்தான்" என்றேன்.