மூக்கு டாக்டரின் மூக்கு

பட்டறை வாசலில் பலகை எழுதி மாட்டியவன் நான்தான்: 'ஆட்டோமேட்டிக் கியர் கோளாறா? மூக்கு டாக்டர் இருக்கிறார்.' மூக்கு டாக்டர் என்பது என் அத்தான், அக்காவின் கணவர். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது; ஜோசியக்காரர்கள் என்பார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, இரண்டு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டு முகர்ந்து பார்ப்பார். தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் கருகிவிட்டன, கியர்பெட்டியை இறக்க வேண்டும். இல்லையென்றால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் போதும். இருபது வருடத்தில் அந்த மூக்கு ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அன்று ஒரு பள்ளி வேன் வந்தது. மேட்டில் மிதித்தால் இரைச்சல்தான் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றார் டிரைவரம்மா. முந்தின நாள்தான் வேறெங்கோ ஆயில் மாற்றியிருந்தார்கள். அதனால் துணியில் நிறம் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. நான் முதுகைக் காட்டிக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அத்தான் வெகுநேரம் முகர்ந்துவிட்டு, பயமில்லை, ஃபில்டரை மட்டும் மாற்றி அனுப்பலாம் என்றார்.

துணியைக் குப்பையில் போட வாங்கினேன். தீய்ந்த வாடை குப்பென்று ஏறியது. பிள்ளைகள் ஏறுகிற வண்டி ஆயிற்றே என்று புருவம் தானாக ஏறியது. நிமிர்ந்தால், அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, பெட்டிய இறக்கித்தான் பாக்கணும். வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு வண்டிக்கும் என்னை எதிரே நிற்கச் சொன்னாரே, என் கருத்துக்கும் மதிப்பு வந்துவிட்டது என்று பூரித்துப் போயிருந்தேன், மடையன். ஒரு நாள் வீட்டில் அடுப்பில் பால் தீய்ந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்த மனிதர் இவர்.

டிரைவரம்மா போனதும் கேட்டேன்: "எத்தன நாளா அத்தான்?"

"எட்டு மாசத்துக்கு முந்தி ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட வாசனையே போச்சு. உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."

பலகையைக் கழற்றிவிட்டு மெஷின் வாங்கிவிடலாம் என்றேன்.

"மூக்கு இல்லாத மூக்கு டாக்டருக்கு இங்க என்னடா வேல?"

அவர் கண் கலங்கியிருந்தது. பொங்கி வந்த கோபம் எனக்குப் பாதியில் அடங்கிவிட்டது. பலகை எழுதியவன் நான்தானே.

இப்போது அவர் முகர்கிறார், நான் எதிரே நிற்கிறேன். தீய்ந்திருந்தால் புருவத்தைத் தூக்குவேன், இல்லையென்றால் கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்பேன். ஒரு நாள்கூட லீவு போட முடிவதில்லை. புலிவாலைப் பிடித்த கதைதான், அதுவும் இரண்டு பேருமாகப் பிடித்திருக்கிறோம்.

போன வாரம் எனக்குச் சளி பிடித்து மூக்கடைத்துவிட்டது. வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. ஷட்டரை உள்பக்கமாக இழுத்துவிட்டு இருவரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஒருவர் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, டாக்டர் எப்படியும் வருவார், இருந்து பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.