கை மாறக் கூடாது

குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடி உதை நடக்கும் வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளை மீட்டு வருவது அவள் வேலை. காப்பகத்து வாசலோடு அது முடிந்துவிடும். அப்புறம் வாராவாரம் போய்ப் பார்ப்பது வேறொருவர். அலுவலக வழக்கம் அப்படி.

ஒரு சிறுமி விஷயத்தில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தவளைத் தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சி, கொஞ்சி வெளியே வரவைத்தவள் பெரியக்கா. வழியெல்லாம் அவள் கழுத்தை விடவேயில்லை அந்தப் பிள்ளை. இன்று? அதை வாராவாரம் பார்க்க வரும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளின் தலை தெரிந்தாலே ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. பெரியக்காவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் பதுங்குகிறது. அம்மாவிடமிருந்து பிரித்த முகமல்லவா!

"கஷ்டப்பட்டுக் கூட்டிட்டு வர்றது நானாம், நோகாம கொஞ்சுறது அவளாம்" என்று வீட்டில் பொரிந்து தள்ளினாள்.

"பிள்ளையை யார் கொஞ்சினா என்ன?" என்றார் கணவர்.

"உங்களுக்கென்ன, சொல்லுவீங்க."

அன்று சாப்பாட்டில் உப்பு தூக்கல். மனுஷன் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தார்.

அலுவலக வேலைமுறையைச் சீர்செய்யக் களத்தில் இருப்பவர்களின் யோசனை வேண்டும் என்று மேலதிகாரி கூட்டம் போட்டார். ஒருவர் வண்டி கேட்டார், இன்னொருவர் கூடுதல் ஆள் கேட்டார். பெரியக்கா எழுந்தாள்.

"கூட்டிட்டு வர்றது ஒருத்தர், அப்புறம் பாக்குறது ஒருத்தர்னா, குழந்தை யாரை சார் நம்பும்? கை மாறவே கூடாது. கடைசி வரைக்கும் ஒரே ஆள் இருக்கணும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் அவள் மனசில் இருந்ததெல்லாம் அந்த ஒரு பிள்ளையை எப்படியாவது திரும்பப் பெறுவது.

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "ரொம்ப சரி. இன்னையிலிருந்தே அப்படித்தான். எந்தக் குழந்தை இப்ப யார் பொறுப்புல இருக்கோ, கடைசி வரைக்கும் அவங்கதான்."

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. கூட்டி வந்தவரே கடைசி வரைக்கும் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்! அதைச் சொல்ல வாய் திறந்தாள். அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை பிடுங்கச் சொல்வதா? கைதட்டலுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் புதியவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நன்றிக்கா. அவளை வேற யார்கிட்டயாவது மாத்திடுவாங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்லை."

பெரியக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றாவது மிச்சமிருந்தது.

"அதுக்கு இருட்டுன்னா பயம். விளக்கை அணைக்க விடாத."

"தெரியும்க்கா, அவளே சொன்னா. இப்பல்லாம் அவளேதான் அணைக்கிறா."