சுவருக்கு அந்தப் பக்கம் பெய்த மழை

சத்தத்தைத் தராசில் நிறுத்துக் காட்ட முடியாது. வாயால் விளக்கித்தான் விற்க வேண்டும். எண்பதுகளின் கடைசியில் கம்போங் ராஜா என்ற மலையூரில் ஒரு ரேடியோ கடையில் வேலைக்கு இருந்தேன். தாத்தா பாட்டி சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தவன், அதனால் எதையும் கதைபோலச் சொல்ல வரும். குரல்தான் எழும்பாது. கடையில் நின்று தொண்டை வற்றப் பேசிப் பிழைத்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

‘உஸ்’ எங்கே?

பக்கத்து ஊரான திரிங்காப்பில் முட்டைக்கோஸ் போடும் ஒருவர், வாங்கிய இரண்டாம் நாளே சிடி பிளேயரை லோரியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். பாட்டு நன்றாக இருக்கிறதாம். பாட்டுக்கு முன்னால் வரவேண்டிய ‘உஸ்’ஸைத்தான் காணோமாம். கேசட்டில் நாடா உரசுவதால் வரும் இரைச்சல் அது என்றேன். சிடியில் சத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்ணாக எழுதியிருக்கிறார்கள், லேசர் ஒளி அந்த எண்ணைப் படிக்கிறது, உரசல் கிடையாது என்றும் சொன்னேன்.

காதை என் வாயருகே வைத்து முழுக்கக் கேட்டார். பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு சொன்னார்: “எல்லாம் சரி தம்பி, மொதல்ல ஒன் வால்யூம கூட்டு லா.”

மூன்றாவது நாற்காலி

காளிமுத்து ஐயா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் படம் ஓட்டும் லேசர் டிஸ்க் பிளேயரும், சரவுண்டு பெட்டியும், நான்கு ஸ்பீக்கரும் வாங்கி அனுப்பியிருந்தான். மாட்டிக் கொடுக்க, தோட்டத்து வரிசை வீடான அவர் லயத்துக்குப் போனேன். படத்தில் பேச்சு முன்னாலிருந்து வரும், மழையும் காற்றும் பின்னாலிருந்து வரும், நடுவில் உட்கார்ந்தால் படத்துக்குள்ளேயே இருப்பதுபோல் இருக்கும் என்றேன். பின்சத்தம் நேராகக் காதில் அறையக் கூடாது. அதனால் அந்த இரண்டு ஸ்பீக்கரையும் நடுச்சுவரின் மேல், கூரையைப் பார்த்து வைத்தேன்.

லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் அவர் தம்பி வீரய்யாவின் வீடு. ஐயா மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது தன்னை அழைக்கவில்லை என்று இரண்டு வருடமாக வீரய்யா அண்ணனோடு பேசுவதில்லை. தை மாதம் கல்யாணம். சித்தப்பன் இல்லாமல் மணவறையில் பையனை எப்படி உட்கார வைப்பது என்று ஐயாவுக்குக் கவலை. படம் பார்க்க மூன்று நாற்காலி போட்டிருந்தார். கணவன் மனைவி இருவருக்கு எதற்கு மூன்று என்று கேட்டுவிட்டேன்.

“அது எந்தம்பியோடது. வர மாட்டான், இருந்தாலும் அவனுக்கும் சேத்து அளந்து வையி.”

காயப்போட்ட துணி

ஒரு வாரத்தில் ஐயா கடைக்கு வந்தார். ஞாயிறு மத்தியானம் படம் போட்டிருக்கிறார்கள். படத்தில் அடைமழை. பேச்சு இந்த வீட்டோடு நிற்க, மழை மட்டும் தகரக் கூரையில் பட்டு அடுத்த வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. வீரய்யாவின் மனைவி புஷ்பம் அடுப்பை விட்டு ஓடி, காயப்போட்ட துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே பளீரென்று வெயில். திரும்பக் காயப்போட்டார், படத்தில் திரும்ப மழை. மூன்று தடவை.

நாளைக்கே வந்து ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கிறேன் என்றேன். ஐயா கிளம்பவில்லை.

“ரெண்டு வருஷமா அந்த வீட்டுலேருந்து ஒரு வார்த்த வரல தம்பி. அன்னிக்கி புஷ்பம் சொவத்துக்கு அந்தாண்டேருந்து திட்டுச்சு பாரு, கேக்க நல்லா இருந்துச்சு.”

ஏணி மேல்

மறுநாள் ஏணியில் ஏறினேன். இந்தப் பக்கம் ஐயா ஏணியைப் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் வீரய்யா அண்ணாந்து, “என்னாடா கோளாறு?” என்றார். கோளாறு இல்லை, பின்சத்தம் மட்டும்தான் இங்கே வருகிறது என்று விளக்கினேன். “என்னா சொல்ற, ஒண்ணும் கேக்கல” என்றார். மறுபடி சொன்னேன். கேட்கவில்லை.

கீழேயிருந்து ஐயா பொறுமை இழந்து கத்தினார். “பின்சத்தம் மட்டுந்தான் அங்க வருதாம்டா.”

வீரய்யா சுவரோரம் நெருங்கி வந்தார். பிறகு, “அப்ப முன்சத்தம்?” என்றார், என்னைப் பார்க்காமல். “இங்க இருக்கு, வந்து கேளு” என்றார் ஐயா. வீரய்யா சட்டையைத் தேடினார். அதற்குள் புஷ்பம் இந்த வாசலுக்கே வந்து நின்றார்.

“மழைய எங்களுக்கு அனுப்பிட்டு கதைய நீங்க மட்டும் பாக்குறீங்களே, நல்லாருக்கா மாமா?”

எத்தனையோ வீட்டில் எத்தனையோ ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறேன். என் குரல் கேட்காமல் போனதால் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.